ஓடினால் மட்டும் போதுமா?

மாணவர்களே, ஜொகூரில் கூலாய், செடெனாக் பக்கம் தரவு மையங்கள் எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகள் இயங்கும். அவை தாய்க் கணினியிடம் வேலை கொடுப்பது, நினைவகத்தில் உள்ள ஒரு வளைய வரிசை வழியாக. ‘வெர்ட்டியோ’ எனும் இந்த முறையை ரஸ்டி ரஸ்ஸல் 2008இல் ஒரு கட்டுரையில் விளக்கினார்.

வளையத்தில் 256 இடங்கள் என்றால், 255க்கு அடுத்தது மீண்டும் 0. மெய்நிகர் கணினி முதலில் வேலையை எழுதும். பிறகு ஓர் எண்ணைக் கூட்டும். எண் கூடியதைக் கண்டு தாய்க் கணினி வேலையை எடுக்கும்.

ஆனால் செயலிகள் வேகத்துக்காக வரிசையை மாற்றக்கூடும். எண் முந்தி, வேலை பிந்தினால்? இலையில் சோறு போடாமலே பந்திக்கு அழைத்த கதைதான்! தாய்க் கணினி பழைய குப்பையை எடுத்துக்கொள்ளும். ‘முன்னது தெரிந்த பிறகே பின்னது தெரிய வேண்டும்’ எனும் கட்டளையே நினைவகத் தடை. எழுதுபவருக்கு மட்டுமல்ல, படிப்பவருக்கும் அது வேண்டும்.

தடையை மறந்த நிரல் இன்டெல் செயலியில் ஒழுங்காக ஓடிவிடலாம். ஆர்ம் செயலியில் எப்போதோ ஒருமுறை தவறும். சோதனையில் அது சிக்காமலும் போகலாம். பயந்துபோய் எல்லா இடத்திலும் தடை வைத்தாலோ வேகம் குறையும்.

அதனால்தான் சொல்கிறேன்: ‘ஓடுகிறதே, போதும்’ என்று நிறுத்தாதீர்கள். நூறு முறை ஓட்டிப் பார்த்தாலும், ஏன் சரி என்று விளக்க முடியாத நிரல் பாதி நிரல்தான். அந்த மையங்களுக்குள் நாளை நீங்கள் பொறியாளராக நுழைய வேண்டுமானால், இன்றே கேட்டுப் பழகுங்கள்: எது முதலில், எது பிறகு?