பிள்ளையோடு எதை அனுப்புகிறோம்?

பீர்க்கன்கரணையிலிருந்து வெளிநாடு வெகுதொலைவு இல்லை. பெருங்களத்தூரில் மின்சார ரயில் ஏறினால் சற்று நேரத்தில் திரிசூலம். எதிரிலேயே விமான நிலையம். ஆயினும், சதுரங்கம் ஆடும் பிள்ளைக்கு வெளிநாட்டுப் போட்டி வாய்ப்பு வந்துவிட்டால் நம் வீடுகளில் அந்தத் தொலைவு நீண்டுவிடுகிறது. தொழுகை என்னாகும்? உணவு ஹலாலாக இருக்குமா? பிள்ளை மாறிவிடுமோ? இவை நியாயமான கவலைகளே. ஆனால் பயணத்தைத் தடுப்பதற்கு இவற்றைக் காரணமாக்கும் நாம், பயணத்துக்குத் தயாராவதற்கு இவற்றைப் பயன்படுத்துவதில்லை.

2023 ஆகஸ்டில் அஜர்பைஜான் தலைநகர் பாகுவில் உலகக்கோப்பை நடைபெற்றது. சென்னையைச் சேர்ந்த பிரக்ஞானந்தாவுக்கு அப்போதுதான் 18 வயது. நாகமுரா, கருவானா ஆகிய முன்னணி வீரர்களை வென்று இறுதிச்சுற்றுக்கு முன்னேறினார். அங்கே கார்ல்சனிடம் சமன்முறிவு ஆட்டத்தில் தோற்றார். அந்நாட்களில் அவரைப் போலவே பேசப்பட்டவர் அவருடைய தாயார் நாகலட்சுமி. வெளிநாட்டுப் பயணங்களில் குக்கரையும் மளிகைப் பொருள்களையும் எடுத்துச் சென்று, மகனுக்குச் சோறும் ரசமும் சமைத்துக் கொடுப்பவர் அவர். பிள்ளையோ தம் சமய வழக்கப்படி நெற்றியில் திருநீறு அணிந்தே உலகின் தலைசிறந்த வீரர்கள் முன் அமர்கிறார். அதனால் அவருடைய ஆட்டம் குறையவுமில்லை, அவரை யாரும் விலக்கவுமில்லை. தம் வழக்கத்தோடு அவர் செல்லும்போது, நம் பிள்ளை தன் தீனோடு செல்ல ஏன் தயங்க வேண்டும்?

இனி நமக்கே உரிய கேள்விகளுக்கு வருவோம். சதுரங்கத்தை ஷாஃபிஈ மத்ஹபின் நூல்கள் பொதுவாக மக்ரூஹ் என்கின்றன; ஹனஃபி அறிஞர்கள் இன்னும் கடுமையாக நோக்குகின்றனர். பணயம் வைப்பதும், ஆட்டத்தில் மூழ்கித் தொழுகையைத் தவறவிடுவதும் கூடாது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. எனவே பரிசுப்பணம் ஆடுவோரின் நுழைவுக் கட்டணத்திலிருந்து திரட்டப்படுகிறதா, அரசோ புரவலரோ தருவதா என்பதை முன்னரே விசாரிக்க வேண்டும். தீர்ப்புச் சொல்லும் தகுதி நமக்கில்லை. நாம் நம்பும் ஆலிமிடம் விவரங்களை மறைக்காமல் கூறிக் கேட்பதே முறை.

தொழுகைதான் உண்மையான சோதனை. நீண்ட நேர முறையில் ஓர் ஆட்டம் நான்கைந்து மணி நேரம்கூட நீளும். ஐரோப்பாவின் குளிர்காலத்தில் பிற்பகல் 3 மணிக்கு அமரும் பிள்ளைக்கு, எழும் முன்னரே அஸரும் மஃரிபும் கடந்துவிடக்கூடும். எதிராளி யோசிக்கும் வேளையில் பலகையை விட்டு எழலாம். ஆனால் அரங்கை விட்டு வெளியேற நடுவரின் அனுமதி வேண்டும், கடிகாரமும் நமக்காக நிற்காது. ஆகவே சுற்று அட்டவணையையும் அவ்வூர்த் தொழுகை நேரங்களையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். அரங்கிற்குள் தொழ ஓர் இடம் கிடைக்குமா என்று அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுத வேண்டும். பயணியின் சலுகைகள் மத்ஹபுக்கும் தங்கும் நாட்களுக்கும் ஏற்ப மாறுபவை. அவற்றையும் புறப்படும் முன்பே கேட்டுத் தெளிய வேண்டும். விமானம் ஏறிய பிறகு இவற்றைத் தேடத் தொடங்கினால், முடிவெடுக்கும் சுமை முழுவதும் அந்தச் சிறு தோள்களில் விழும்.

2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, சென்னையைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள். ஆட்டம் வேறாயினும் பாடம் ஒன்றே. வெற்றி பெற்றபின் சால்வையுடன் செல்லும் நாம், பயணச்சீட்டுக்குப் பணமின்றித் தவிக்கும் வேளையில் அத்தகைய வீட்டின் கதவைத் தட்டியிருக்கிறோமா? கல்வி உதவி வழங்கும் ஜமாஅத்துகள் இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

எல்லாப் பிள்ளையும் பதக்கத்துடன் திரும்பாது. தோற்ற இரவில், அறையில் தனியே முஸல்லாவை விரித்து இஷா தொழுதுவிட்டு, மறுநாள் ஆட்டத்துக்கு எழும் பிள்ளையை வளர்த்திருந்தால் நாம் அனுப்ப வேண்டியதை அனுப்பிவிட்டோம். அத்தகைய பிள்ளைகளை அல்லாஹ் நமக்குத் தந்தருள்வானாக. ஆமீன்.