எரிபொருள் கேட்டு வருபவன் யார்?

அசோக் நகரிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் அரைமணி நேரப் பயணம்தான். 1991 வளைகுடாப் போரின்போது அமெரிக்க இராணுவ விமானங்கள் அங்கே இறங்கி, எரிபொருள் நிரப்பிக்கொண்டு பறந்தன. அனுமதித்தது சந்திரசேகர் அரசு. பிலிப்பைன்ஸ் பக்கமிருந்து வந்த விமானங்கள் அவை.

அமெரிக்காவுக்குப் பிலிப்பைன்ஸில் என்ன வேலை? 1898-ல் ஸ்பெயினோடு போர் தொடுத்தபோது விடுதலைக்குத் துணைவன் போல நுழைந்தது. ஜூன் 12-ல் அகினால்டோ தலைமையில் அம்மக்கள் சுதந்திரம் அறிவித்தார்கள். டிசம்பர் 10-ல் பாரிஸில் அமர்ந்து, 2 கோடி டாலருக்கு அந்த நாட்டையே ஸ்பெயினிடம் வாங்கிவிட்டது அமெரிக்கா! வியாபாரிகளே, சொந்தக்காரனைக் கேட்காமல் சரக்கை விற்றவனுக்கும் வாங்கியவனுக்கும் உங்கள் கடைத்தெருவில் என்ன பெயர்?

தெற்கே சூலு தீவுகளில் வாழ்ந்தவர்கள் முஸ்லிம்கள். 1899 ஆகஸ்டில் சுல்தான் இரண்டாம் ஜமாலுல் கிராமோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. மார்க்கத்தில் தலையிட மாட்டோம், சுல்தானின் மரியாதைக்குக் குறை வராது, மாதாமாதம் பணம் தருவோம் என்றது. ஏன் இந்தப் பரிவு? வடக்கே சுதந்திரம் கேட்டவர்களை ஒடுக்கும்வரை தெற்கு அமைதியாக இருக்க வேண்டுமே! வடக்கு அடங்கியது. 1904-ல் அமெரிக்காவே ஒப்பந்தத்தை ரத்து செய்தது. 1906 மார்ச்சில் புட் டாஹோ மலையுச்சியில் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான முஸ்லிம்கள் கொன்று குவிக்கப்பட்டனர்.

இது பழங்கதையா? 2016 ஆகஸ்டில் இந்தியாவும் அமெரிக்காவும் கையெழுத்திட்ட தளவாட ஒப்பந்தம், ஒருவர் தளத்தில் மற்றவர் எரிபொருளும் பழுதுபார்ப்பும் பெற வழி செய்கிறது. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் சார்லஸ் ட்ரூ கப்பல் பழுதுபார்க்க வந்தது நம் காட்டுப்பள்ளிக்குத்தான். 'இது இராணுவத் தளம் அமைக்கும் ஒப்பந்தம் அல்ல' என்கிறது அரசு. சூலு ஒப்பந்தத்தின் வாசகங்களும் இனிமையாகத்தான் இருந்தன! காகிதத்தில் இருப்பது பெரிதல்ல; காரியம் முடிந்தபின் வல்லரசு அந்தக் காகிதத்தை என்ன செய்யும் என்பதே கேள்வி.

இளைஞர்களே! எதிர்ப்பு வீண் போவதில்லை. 1991 பிப்ரவரியில் கண்டனக் குரல் எழுந்ததும் மீனம்பாக்கத்தில் எரிபொருள் நிரப்புவது நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் பிலிப்பைன்ஸ் செனட் 12-க்கு 11 என்ற ஓட்டில் இராணுவத் தள ஒப்பந்தத்தை நிராகரித்தது. மறு ஆண்டு சுபிக் தளத்தைக் காலி செய்து அமெரிக்கா கிளம்பியது.

நம் கோரிக்கை ஒன்றே: அந்நியப் போருக்குச் செல்லும் விமானத்துக்கும் கப்பலுக்கும் நம் மண்ணில் ஒரு சொட்டு எரிபொருளும் கூடாது. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் இதற்கு வாக்குறுதி வாங்குங்கள்!