காரைக்குடியில் ஒரு நாவலாசிரியர் இருக்கிறார்

காரைக்குடி, இலக்கியம் என்று இரண்டு வார்த்தையைச் சேர்த்துச் சொன்னால் நம்மவர்களுக்கு உடனே ஞாபகம் வருவது கம்பன் விழா. 1939-ல் சா.கணேசன் ஆரம்பித்தது. அடுத்து, பக்கத்துச் சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன். அதோடு பட்டியல் முடிந்துவிடும். சினிமாக்காரர்களுக்கோ நம்ம ஊர் என்றால் ஆத்தங்குடித் தரையும் தேக்குத் தூணும்தான் (கோழிக் குழம்பை விட்டுவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்!).

இதே ஊரில் ஆயுர்வேத மருத்துவராக இருந்துகொண்டு நல்ல கதைகள் எழுதுகிறவர் சுனில் கிருஷ்ணன். ‘காந்தி இன்று’ என்ற இணையதளத்தை நடத்துபவரும் இவரே. 2017-ல் முதல் சிறுகதைத் தொகுப்பு ‘அம்புப் படுக்கை’ வந்தது. அடுத்த ஆண்டே அதற்குச் சாகித்ய அகாதெமியின் யுவ புரஸ்கார். 35 வயதுக்கு உட்பட்ட எழுத்தாளர்களுக்கு 2011 முதல் கொடுக்கப்படும் விருது அது. விருதுக்குப் பிறகு ‘நீலகண்டம்’ நாவல், ‘விஷக் கிணறு’ சிறுகதைகள் என்று தொடர்ந்து வந்தன.

இந்த மூன்று தலைப்புகளையும் அடுத்தடுத்துப் படித்துப் பாருங்கள். அம்பு, விஷம், மறுபடியும் விஷம்! இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை. பீஷ்மர் அம்பின்மேல் கிடக்கிறார், சாவு உடனே வரவில்லை. சிவன் விஷத்தை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை, தொண்டையிலேயே நிற்கிறது. குணமாக்க முடியாத, தூக்கி எறியவும் முடியாத வலியோடு மனுஷன் எப்படிக் காலம் தள்ளுகிறான் என்பதுதான் இவருடைய விஷயம். நோயாளிகளைத் தினமும் பார்க்கிறவருக்கு எல்லாவற்றுக்கும் மருந்து கிடையாது என்று நம்மைவிட நன்றாகத் தெரிந்திருக்கும்.

‘நீலகண்டம்’ பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிள்ளை இல்லாத தம்பதி ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு ஆட்டிசம். செட்டிநாட்டில் தத்து ஒன்றும் புதிதில்லை. நகரத்தார் வீடுகளில் ‘பிள்ளை கூட்டுவது’ காலங்காலமாக உண்டு. ஆனால் அது வம்சம் விளங்க, சொத்தும் கொள்ளியும் கைமாற. கூட்டிய பிள்ளை அந்தக் கணக்கு எதற்குமே பதில் சொல்லாமல் தன் உலகத்திலேயே இருந்தால்? பெற்ற பிள்ளை என்றால் ‘விதி’ என்று சொல்லிக்கொள்ளலாம். இங்கே அந்தச் சமாதானமும் இல்லை, தேடிப்போய் எடுத்தது ஆயிற்றே! சுற்றியிருப்பவர்கள் என்னென்ன சொல்வார்கள் என்று நமக்குத் தெரியாதா என்ன.

ஜப்பானிய எழுத்தாளர் கென்சபுரோ ஓயே (1994-ல் நோபல் வாங்கியவர்) 1964-ல் எழுதிய ‘எ பர்சனல் மேட்டர்’ இதற்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய நாவல். அவருடைய மகன் ஹிகாரி 1963-ல் மூளைக் குறைபாட்டோடு பிறந்தார், பிறகு இசையமைப்பாளரானார். நாவலில் வரும் அப்பன் குழந்தையிடமிருந்து தப்பி ஆப்பிரிக்காவுக்கு ஓடப் பார்க்கிறான். அந்தப் பிள்ளை தானாக வந்தது, இங்கே இவர்கள் போய் அழைத்து வந்தது. அந்த ஒரு வித்தியாசத்தில் கேள்வி இன்னும் கூர்மையாகிவிடுகிறது என்பது என் கட்சி.

குறை இல்லாமல் இல்லை. நாவலின் நடுவே தொன்மமும் கதைக்குள் கதையும் குறுக்கிடுவது எனக்கு எல்லா இடத்திலும் ஒட்டவில்லை. சில சமயம் யோசனை முன்னால் போகிறது, ஆள் பின்னால் வருகிறான்.

எங்கே தொடங்குவது என்று கேட்டால் நாவலை எடுக்காதீர்கள். ‘அம்புப் படுக்கை’யில் ‘பேசும் பூனை’ என்று ஒரு கதை. புருஷன் வெளிநாட்டில், இவள் வீட்டில் குழந்தையோடு, கையில் செல்போன், அதற்குள் சொன்னதைத் திருப்பிச் சொல்லும் ஒரு பூனை. நம்ம பக்கத்து ஆண்கள் அன்றைக்கு பர்மா, மலேயா போனார்கள், இன்றைக்கு சிங்கப்பூர், துபாய். போனவர்களைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. வீட்டில் இருந்தவள் யாரிடம் பேசினாள் என்று இந்தக் கதை கேட்கிறது. ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், ராத்திரி வேண்டாம் :-)