விருந்தா, விடுதியா? – பழவேற்காட்டை முன்வைத்து

வாரப் பத்திரிகைகளின் பயணப் பக்கங்கள் பழவேற்காட்டை மறுபடியும் கண்டுபிடித்திருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறையேனும் இது நிகழ்ந்துவிடுகிறது. சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் ஆளரவமற்ற கடற்கரை, பூநாரைகள், டச்சுக்காரர் கல்லறை, கையைக் கடிக்காத செலவு என்று அடுக்கிவிட்டு, குடும்பத்தோடு ஓரிரவு தங்க அடக்கமான விடுதி ஒன்று மட்டும் இங்கே அமைந்துவிட்டால் எவ்வளவு நன்றாயிருக்கும் என்ற பெருமூச்சோடு கட்டுரை முடியும். எங்கள் வழக்கு அந்தப் பெருமூச்சோடுதான்.

இத்தனைக்கும் அதை விட்டவர்களில் நாங்களும் உண்டு. மாதச் சம்பளக்காரர்கள், பள்ளி செல்லும் பிள்ளைகள், மூட்டுவலிக்காரப் பெற்றோர்கள் என்றிருக்கும் எங்கள் வகைக் குடும்பங்களுக்குக் கடலோரத்தில் ஓரிரவு என்பது இன்றும் எட்டாக்கனியே. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து மாமல்லபுரம்வரை போய்ப் பாருங்கள். சாலைக்குக் கடலின் பெயர். கண்ணில் படுவதோ மதில். மதிலுக்குப் பின்னால் கடல் இருப்பதாக நம்பிக்கொண்டு நாம் வண்டியோட்ட வேண்டும். 1970களில் கோவளத்தில் எழுந்த நட்சத்திர விடுதியின் பெயரிலேயே மீனவர் இருக்கிறார். ஓரிரவுக்கு அங்கே அறையெடுக்கக்கூடிய மீனவரை நாங்கள் இதுவரை சந்தித்ததில்லை. ஆகவே குறைந்த செலவில் ஒரு குடும்பம் கடலைப் பார்க்க ஆசைப்படுவதை எள்ளி நகையாடும் மேட்டிமை எங்களிடம் இல்லை. ஆசை நியாயமானது. அதற்கு விடையாக ‘மோட்டல்’ என்ற சொல்லை நீட்டுகிறார்களே, அதுதான் இடறுகிறது.

தமிழனுக்கு மோட்டல் என்றால் என்ன என்பது நள்ளிரவுப் பேருந்தில் போன எவருக்கும் தெரியும். திண்டிவனத்தைத் தாண்டி எங்கோ வண்டி நிற்கும். காதைப் பிளக்கும் பாட்டு. நடத்துநருக்கும் ஓட்டுநருக்கும் தனி மேசை. நமக்கு ஆறிய பரோட்டா, இருமடங்கு விலை, கழிப்பறைக்குத் தனிக்காசு. ஊரோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாமல் நெடுஞ்சாலையோரத்தில் முளைத்த ஒரு வசூல்கூடம். இந்தச் சொல்லை ஏரிக்கரைக்குக் கொண்டுவர விரும்புகிறவர்கள் அதன் பொருளையும் சேர்த்தேதான் கொண்டுவருவார்கள். வழிப்போக்கர் தங்குவதற்கு நம்மிடம் வேறு சொல் இருந்தது: சத்திரம். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் முத்தம்பாள் பெயரால் கட்டிய சத்திரம் இன்றும் நிற்கிறது. இராமேசுவரம் போகும் குடும்பங்கள் காசில்லாமல் உண்டு உறங்கிய வழி அது. அங்கும் சாதிப் பந்தி இருந்தது என்பதை மறந்து பழம்பெருமை பேச வரவில்லை. ஆனால் பணம் குறைந்த பயணியும் பயணியே என்று ஒப்புக்கொண்ட ஓர் ஏற்பாடு நம்மிடம் இருந்து, அழிந்தது என்பதை மட்டும் குறித்துவைக்கிறோம்.

அடுத்தது அந்த ‘அமைதி’. பழவேற்காடு அமைதியான இடம் என்று எழுதுகிறவர்கள் அங்கே விடியற்காலையில் இருந்ததில்லை. படகுகள் கரை சேரும் நேரத்தில் ஏலம். கூடைக்கும் பனிக்கட்டிக்கும் நடக்கும் சண்டை. நண்டை உயிரோடு கட்டிப் பெட்டியில் அடுக்கும் அவசரம். முதல்நாள் இரவெல்லாம் வலையில் நின்றவன் நண்பகலில் திண்ணையில் உறங்குகிறான். பயணக் கட்டுரையாளர் பதினொரு மணிக்கு வந்து இறங்கி, அந்த உறக்கத்தைப் பார்த்து அமைதி என்று எழுதிக்கொண்டு போகிறார். வேலை முடிந்தவர்களின் அயர்ச்சி அது. அந்த அமைதியை அறைவாடகைக்கு விடுகிற நாளில் விடியற்காலை ஏலம் விருந்தினருக்குத் தொந்தரவாகிவிடும். கருவாட்டு நாற்றம் புகாராகும். கரையில் காயும் வலை காட்சியைக் கெடுப்பதாகிவிடும். பிறகு என்ன நடக்கும் என்பதற்குத் தெற்கே உதாரணங்கள் தேடிப் போக வேண்டியதில்லை, மதில்களைப் பார்த்தால் போதும்.

நெய்தலுக்கு இரங்கலை உரிப்பொருளாக வைத்தவர்கள் நம் முன்னோர். நாமோ அந்த நிலத்தைக் களிப்புக்கு உரியதாக மட்டும் படித்துவிட்டோம்.

எங்கள் கதைக்கு வருவோம். நண்பர்கள் மூன்று குடும்பமாகப் பொன்னேரியிலிருந்து பேருந்து பிடித்துப் போனோம். கலங்கரை விளக்கம் இருக்கும் பக்கம் பாலத்தைக் கடந்து நடந்தால் ஓர் அதிசயம் உண்டு: கிழக்கே கடல், மேற்கே ஏரி. ஒரே இடத்தில் நின்றபடி காலையில் கடலிலிருந்து எழும் சூரியனையும் மாலையில் ஏரியில் விழும் சூரியனையும் பார்த்துவிடலாம். ஏரியின் இடுப்பளவு நீரில் பெண்கள் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பனையோலைப் பறியைப் பல்லால் கடித்துப் பிடித்திருந்தார்கள். இரண்டு கையும் நீருக்குள் வேண்டுமே. பிள்ளைகளில் ஒருத்தி அவர்கள் ஏன் பேசாமல் இருக்கிறார்கள் என்று கேட்டாள். வாயில் பறி இருக்கிறது என்றோம். அந்தக் காட்சியைப் படமெடுக்கக் கைபேசியைத் தூக்கிய எங்களில் ஒருவர் அதை மெல்லச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

இரவு தங்க அறை தேடியதில் எங்கள் குடும்பங்களுக்குத் தோதாக ஒன்றும் அமையவில்லை. (வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் நிரந்தரமாக இடம் தந்திருப்பது அந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். 1613இல் கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690வரை சோழமண்டலக் கரை வணிகத்துக்குத் தலைமையிடமாக இதை வைத்திருந்து, துணியோடு அடிமைகளையும் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றிய டச்சுக்காரர்கள், வாயிலில் எலும்புக்கூடு செதுக்கிய தோட்டத்தில் உறங்குகிறார்கள். கோட்டை இருந்த இடத்தில் புதர்.) கடைசியில் நண்பர் ஒருவரின் தெரிந்தவர் வழியாக மீனவர் வீடொன்றில் இடம் கிடைத்தது. வீட்டுக்காரர்கள் வெளித்திண்ணைக்குப் போய்விட்டார்கள். மடவை மீன் குழம்பு, சோறு, பிள்ளைகளுக்கு முள்ளெடுத்து ஊட்டிவிட்ட பாட்டி. காலையில் பணத்தை நீட்டியபோது அந்த அம்மாள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“காசு வாங்கினா நீங்க விருந்தாளி இல்ல தம்பி, வாடகைக்கு வந்தவங்க. அப்புறம் தண்ணி ஏன் உப்பா இருக்குது, மீன் ஏன் முள்ளா இருக்குதுன்னு என்னைக் கேப்பீங்க.”

சுற்றுலாக் கொள்கை பற்றி நாங்கள் படித்த எந்த ஆவணமும் இதைச் சொன்னதில்லை. பணம் கைமாறும் கணத்தில் குறைசொல்லும் உரிமையும் கைமாறுகிறது. விடுதி என்பது அந்த உரிமையின் மீது எழுப்பிய கட்டடம். அந்த அம்மாளுக்கு இது தெரிந்திருக்கிறது. அவருடைய வீட்டைச் சுற்றுலாத் தலமாக்கத் துடிப்பவர்களுக்குத் தெரியவில்லை.

அப்படியானால் யாரும் போகாதிருப்பதே நல்லது என்று எங்கள் வட்டத்துச் சூழலியல் நண்பர்கள் சொல்கிறார்கள். ஏரி பறவைகளுக்கும் மீனவர்களுக்கும் உரியது, நகரத்தான் தள்ளி நிற்கட்டும் என்பது அவர்கள் கட்சி. கேட்பதற்குத் தூய்மையாக இருக்கிறது. ஆனால் மக்கள் ஏற்கெனவே வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். காணும் பொங்கலன்று வேன் வேனாக வருகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் வருகிறார்கள். அதே நாளில் மீனவர்களைக் கடலுக்குப் போகவேண்டாம் என்று நிறுத்திவைக்கிறார்கள் என்பது வானத்தைப் பார்த்துக் கைதட்டுவோரில் பலருக்குத் தெரியாது. பகலில் வந்து இரவில் போய்விடும் இந்தக் கூட்டத்தால் ஊருக்குக் கிடைப்பது என்ன? குப்பையும், மணலில் உடைந்த மதுப்புட்டிகளும். அந்தக் கண்ணாடித் துண்டு கரைவலை இழுப்பவன் காலிலும் வலையிலும்தான் ஏறும். வந்தவர்களுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, ஒதுங்க இடமில்லை. இவற்றையெல்லாம் விடக் கொடியது 2011 டிசம்பர் 25. கிறிஸ்துமஸ் நாளில் உல்லாசமாக ஏரிக்கு வந்த குடும்பங்கள் ஏறிய படகு கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் படகுச் சவாரிக்குத் தடை போட்டார்கள். தடை ஒரு கையெழுத்தில் முடிகிற காரியம். வருகிற மனிதரை யார் வரவேற்பது, யார் பொறுப்பு என்ற கேள்விக்குத் தடை விடையாகாது. வராதே என்பவர்களும் விடுதி கட்டு என்பவர்களும் ஒரு விஷயத்தில் ஒன்றுபடுகிறார்கள்: இருவரும் ஊர்க்காரரைக் கேட்பதில்லை.

ஊர்க்காரருக்கோ குறைந்ததைப் பகிர்ந்துகொள்ளத் தெரியும். பழவேற்காட்டின் ‘பாடு’ முறையை மீன்வள ஆய்வாளர்கள் பலகாலமாக எழுதிவருகிறார்கள். ஏரியில் இறால் நிறையக் கிடைக்கும் இடங்கள் சில, வலைகளோ பல. ஆகவே கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் முறைவைத்து, இன்று உனக்கு இந்த இடம், நாளை எனக்கு என்று தலைக்கட்டுக் கணக்கில் பிரித்துக்கொள்கிறார்கள். எவனும் ஏரியை வளைத்துப்போட முடியாது. எங்கள் முன்மொழிவு எளியது: விருந்தினருக்கும் ஒரு பாடு வையுங்கள். எந்த வீட்டில் எந்த வாரம் ஆள் தங்குவது என்பதை ஊரே முறைவைக்கட்டும். பணத்தை வீட்டுக்காரர் வாங்க வேண்டாம், ஊர்ப் பொதுவில் கட்டட்டும். வீட்டுக்காரர் விருந்து படைப்பவராகவே இருக்கலாம். ஓர் இரவுக்கு இத்தனை குடும்பம், அதற்கு மேல் இல்லை என்று ஏரியில் வலைக்கு வைத்த அளவு போலவே இதற்கும் அளவு இருக்கட்டும். புட்டி கொண்டுவருபவனைத் திருப்பி அனுப்பும் அதிகாரமும் ஊருக்கே.

சட்டம் இதற்குக் குறுக்கே நிற்கவில்லை. 2019 ஜனவரியில் வந்த கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை நாங்கள் பல காரணங்களுக்காக எதிர்க்கிறோம். மக்கள் அடர்ந்த ஊரகக் கடற்கரையில் கட்டடம் கூடாத பகுதியை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டருக்குச் சுருக்கியது அது. ஆனால் அதே அறிவிக்கை, கடலோர மக்கள் தங்கள் வீட்டின் அடித்தளப் பரப்பையும் தோற்றத்தையும் மாற்றாமல் பயணிகளைத் தங்கவைக்கலாம் என்றும் சொல்கிறது. சுருக்கிய 150 மீட்டரைப் பற்றி முதலாளிகள் உடனே படித்துக்கொண்டார்கள். வீட்டில் தங்கவைக்கும் பத்தியைக் குப்பங்களுக்கு யார் போய்ப் படித்துக்காட்டியது?

பாடு முறையை நாங்கள் புனிதப்படுத்தவில்லை. அது ஒரு சமூகத்து ஆண்களின் உரிமை. சேற்றைத் தடவி இறால் பிடிக்கும் பெண்களுக்கோ, இருளர்களுக்கோ, தலித் மீனவர்களுக்கோ அதில் இடமில்லை. அதனால் சண்டைகளும் வந்திருக்கின்றன. விருந்துக்கு வைக்கும் பாட்டில் தலைக்கட்டு என்றால் ஆண் என்ற கணக்கு செல்லுபடியாகக் கூடாது. சமைக்கப்போவதும் பாய் விரிக்கப்போவதும் பெண்களாயிருக்க, வருமானத்தை ஆண்கள் கூடிப் பங்குபோடுவது அநியாயம். பனையோலைப் பெட்டி முடையும் முஸ்லிம் பெண்களின் தெருவும் இந்த முறைக்குள் வர வேண்டும்.

துறைமுகம் ஏரியை விழுங்க வருகிறபோது விடுதியைப் பற்றி என்ன பேச்சு என்று கேட்பவர்கள் உண்டு. காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,000 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டத்துக்காக 2021இலும் 2023இலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் எதிர்ப்பின் நடுவே தள்ளிப்போயின. திட்டம் பெரிது, எங்கள் பேச்சு சிறிது, ஒப்புக்கொள்கிறோம். ஆனால் முகத்துவாரம் மணல்மூடிப் போனால் ஏரியின் உப்பு என்னவாகும், இறால் எங்கே போகும் என்பதை அந்தத் திண்ணையில் ஓரிரவு உட்கார்ந்து கேட்ட பிறகுதான் எங்கள் குடும்பங்கள் செய்தித்தாளில் காட்டுப்பள்ளி என்ற பெயரைத் தேடத் தொடங்கின. மதிலுக்குள் நீச்சல்குளத்தருகே படுத்திருந்தால் யார் சொல்லியிருப்பார்கள்?

அந்த அம்மாள் கடைசிவரை பணம் வாங்கவில்லை. புறப்படும்போது செய்தித்தாளில் பொதிந்த கருவாட்டை மூன்று குடும்பத்துக்கும் மூன்று பொட்டலமாகத் தந்து, “இதுக்குக் காசு குடுங்க, இது யாவாரம்” என்று விலை சொன்னார். சந்தை விலையைவிடச் சற்றுக் கூடுதலாகத்தான் இருந்தது. பேரம் பேசாமல் கொடுத்தோம். பொன்னேரிவரை பேருந்து முழுக்க அந்த வாசனை. பக்கத்து இருக்கைக்காரர் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டார்.