எது பாஸ் ஒரிஜினல் ஃபைனல்?

உங்க பென் டிரைவைக் கொஞ்சம் திறந்து பாருங்க. 'பிராஜெக்ட்', 'பிராஜெக்ட் ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'இதுதான் ஃபைனல்'னு நாலு ஃபோல்டர் இருக்குமே? நேத்து ராத்திரி ஒழுங்கா ஓடினது எதுன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பீங்க. டீமா செய்ற பிராஜெக்ட்னா கேட்கவே வேணாம். ஒருத்தர் லாகின் பக்கத்தைச் சரிபண்ணி வைக்க, இன்னொருத்தர் அதுமேலயே பழைய ஃபைலைக் காப்பி பண்ண... வைவாவுக்கு முதல் நாள் குருக்ஷேத்திரம்தான்!

இதுக்கு மருந்து வெர்ஷன் கன்ட்ரோல். 'பத்துப் பக்க வெப்சைட்டுக்கு எதுக்கு இதெல்லாம்?'னு ஒதுக்கிடாதீங்க. லினக்ஸ் கெர்னல் டீம் பயன்படுத்தின பிட்கீப்பர் சாஃப்ட்வேரோட இலவச அனுமதி 2005-ல பறிபோச்சு. உடனே லினஸ் டோர்வால்ட்ஸ் தானே எழுத ஆரம்பிச்சதுதான் 'கிட்'. அம்மாம் பெரிய கெர்னலுக்காகப் பிறந்தாலும், உங்க குட்டி ஃபோல்டருக்குள்ளயும் சமர்த்தா உட்காரும். சர்வர், நெட் எதுவும் வேணாம்.

ஃபோல்டருக்குள்ள போய் 'கிட் இனிட்'னு அடிங்க. ஒரு வேலை முடிஞ்சதும் 'கிட் ஆட்', அப்புறம் 'கிட் கமிட்'. அந்த நிமிஷத்து நிலைமை பதிவாகிடும். யார், எப்போ மாத்தினாங்கன்னு 'கிட் லாக்' சொல்லும். எந்த வரி மாறிச்சுன்னு 'கிட் டிஃப்' காட்டும். கமிட் பண்ணும்போது 'அப்டேட்'னு மொட்டையா எழுதாம, 'பாஸ்வேர்டு காலியா இருந்தா லாகின் தடுக்கப்படும்'னு எழுதுங்க. ரெண்டு மாசம் கழிச்சுப் படிக்கப்போறது நீங்கதான்! ரெண்டு பேர் ஒரே வரியை மாத்திட்டா, சத்தமில்லாம ஒண்ணை அழிக்காது. 'எது வேணும்?'னு நிறுத்திக் கேட்கும்.

கமிட் வேற, பேக்கப் வேற. லேப்டாப் போனா சரித்திரமும் சேர்ந்து போயிடும். அதனால கிட்ஹப், கிட்லேப் மாதிரி வெளியிடத்துக்கு 'புஷ்' பண்ணிடுங்க. அதுக்கு முன்னாடி, டேட்டாபேஸ் பாஸ்வேர்டு இருக்கிற ஃபைல் பேரை 'டாட் கிட்இக்னோர்' ஃபைல்ல எழுதிடுங்க. ஒருதடவை கமிட் ஆயிட்டா, அப்புறம் அழிச்சாலும் பழைய பதிவுல பல்லிளிக்கும். பாஸ்வேர்டையே மாத்துறதுதான் வழி.

டேபிள்கள்? மைசீக்வெல்ல இருக்கிற டேட்டாவை கிட் தானா பார்த்துக்காது. டேபிள் அமைப்பை ஒரு எஸ்க்யூஎல் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி அதையும் சேர்த்துக்கோங்க. இல்லேன்னா ஃப்ரெண்ட் மெஷின்ல வெப்சைட் வெறும் எர்ரரா கொட்டும்.