ஐந்து பேர் ஒரே மாதிரி கோட்டு போட்டால் என்ன குற்றம்?

பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ், என்சிங்க், டேக் தட், வெஸ்ட்லைஃப், ஒன் டைரக்‌ஷன், இன்றைக்கு பி.டி.எஸ். குழுக்கள் மாறிக்கொண்டே இருக்கின்றன, தீர்ப்பு மட்டும் மாறுவதில்லை: “இதெல்லாம் பதின்மூன்று வயதுப் பெண் பிள்ளைகளுக்கான பாட்டு.” ஆங்கில இசை விமர்சகர்கள் பல்லாண்டுகளாகப் பாடிவரும் இந்தப் பல்லவியை நம்மூர் இசை ரசிகர்களும் சுருதி பிசகாமல் திருப்பிப் பாடுவதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. நாற்பது வயது ஆண் ஒருவர் தனக்கு பாய்பேண்ட் பாட்டு பிடிக்கும் என்று சொல்ல வேண்டுமானால், டாஸ்மாக் வாசலில் மாமனார் கண்ணில் பட்டுவிட்ட மருமகனைப் போல அசடு வழிந்துகொண்டுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆனால் வயதுக் கணக்கைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். பேக்ஸ்ட்ரீட் பாய்ஸின் ‘ஐ வாண்ட் இட் தட் வே’ 1999இல் வந்தது. எழுதியவர்கள் ஸ்வீடனைச் சேர்ந்த மேக்ஸ் மார்ட்டினும் ஆண்ட்ரியாஸ் கார்ல்சனும். மார்ட்டினுக்கு அப்போது 28 வயது. அதற்கு முன் மெட்டல் குழு ஒன்றில் பாடிக்கொண்டிருந்தவர். பாடிய ஐவரில் மூத்தவரான கெவின் ரிச்சர்ட்சனுக்கு 27. எழுதியது வளர்ந்த ஆண், பாடியது வளர்ந்த ஆண், விற்றுக் காசை எண்ணியதும் வளர்ந்த ஆண்கள்தான். கேட்பது மட்டும் அவர்களுக்கு ஆகாதாம்.

எதிர்த்தரப்பு பெருமையோடு தூக்கிக்கொண்டு வரும் வாதம், இவை தொழிற்சாலையில் செய்த பாட்டுகள் என்பது. பையன்களை ஒரு முதலாளி பொறுக்கியெடுக்கிறார், எவனும் கிடாரைத் தொடுவதில்லை, பாட்டை வேறு யாரோ எழுதுகிறார்கள், நடனத்தை வேறு யாரோ சொல்லித் தருகிறார்கள். ஆகவே இது இசையே அல்ல. நல்லது, அப்படியே டெட்ராய்ட்டுக்குப் போய்ப் பார்ப்போம். 1959இல் மோடவுன் இசைத்தட்டு நிறுவனத்துக்கு அடித்தளம் போட்ட பெர்ரி கோர்டி அதற்கு முன் லிங்கன்-மெர்க்குரி கார் ஆலையில் வேலை பார்த்தவர். வெறும் சட்டகமாக நுழைவது மறுமுனையில் புதுக் காராக வெளியே வருவதைப் பார்த்துத்தான் பாட்டையும் அப்படிச் செய்யலாம் என்று தோன்றியதாக அவரே சொல்லியிருக்கிறார். எந்தப் பாட்டை வெளியிடுவது என்று முடிவு செய்ய அங்கே தரக்கட்டுப்பாட்டுக் கூட்டம் நடத்தி ஓட்டுப் போட்டார்கள். அந்த ஆலையின் உருப்படிதான் டெம்ப்டேஷன்ஸ்: ஐந்து பேர், ஒரே மாதிரி கோட்டு, காலசைவு சொல்லித்தர சோலி அட்கின்ஸ், எப்படி நடப்பது எப்படி உட்காருவது என்று பழக்க மேக்ஸின் பவல் அம்மையார். ‘மை கேர்ள்’ பாட்டை எழுதியவர்கள் ஸ்மோக்கி ராபின்சனும் ரொனால்ட் வைட்டும். வாசித்தவர்கள் ஃபங்க் பிரதர்ஸ் என்ற நிறுவனத்து வாத்தியக்காரர்கள்; அவர்கள் பெயரை இசைத்தட்டு உறையில் அச்சடிக்கக்கூட 1971 வரை மோடவுனுக்கு மனம் வரவில்லை. பாய்பேண்டின் சாமுத்திரிகா லட்சணம் ஒன்றுகூடக் குறையவில்லை. ஆனால் ‘மை கேர்ள்’ பாட்டுக்குத் தாளம் போடும் தாத்தாவை யாரும் கேலி செய்வதில்லை, அது செவ்வியலாம். ராக் ரசிகர்களின் புனிதப் பட்டியலும் இவ்வளவுதான். பேர்ட்ஸ் குழுவின் ‘மிஸ்டர் டாம்பரின் மேன்’ 1965இல் வந்தபோது, அந்தப் பதிவில் வாத்தியம் வாசித்த பேர்ட்ஸ் ஆள் ரோஜர் மெக்வின் ஒருவர்தான். மற்றவை கூலிக்கு வந்த ஸ்டுடியோ கலைஞர்களின் கைவண்ணம். எல்விஸ் பாட்டு எழுதிப் பிழைத்தவர் இல்லை, சினாட்ராவும் இல்லை. நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மெட்டு ஒருவர், வரி ஒருவர், குரல் ஒருவர், திரையில் உதடு இன்னொருவர் என்று பிரித்துச் செய்த பாட்டுகளைக் கேட்டுத்தான் நாம் வளர்ந்தோம். சொந்தமாக மெட்டுப் போடாததால் டி.எம். சௌந்தரராஜன் போலி என்று எந்த டீக்கடையிலாவது சொல்லிப் பாருங்களேன்.

முதலாளியின் யோக்கியதையை இழுப்பவர்களும் உண்டு. பேக்ஸ்ட்ரீட் பாய்ஸை உருவாக்கிய லூ பேர்ல்மேன் மோசடிக்காக 2008இல் 25 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார், உண்மைதான். பாடகர்களே அவர்மீது வழக்குப் போட்டார்கள் என்பதும் உண்மை. எல்விஸின் மேலாளர் கர்னல் பார்க்கர் என்ன, தரும சத்திரமா நடத்தினார்? பாட்டு வரிகளுக்கு அர்த்தமில்லை என்பது அடுத்த குறை. தில்லானாவில் அர்த்தம் தேடுகிறவர்கள் மட்டும் இந்தக் கல்லை எறியட்டும்.

இவ்வளவையும் சொன்ன பிறகு கடைசியில் மிஞ்சுவது அந்தப் பெண் பிள்ளைகள் விவகாரம்தான். தொடக்கத்திலிருந்தே உள்ளே உட்கார்ந்திருந்ததும் அதுதான். 1964இல் பால் ஜான்சன் ‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ இதழில் பீட்டில்ஸ் மோகத்தைத் தாக்கி எழுதினார். ரசிகைகளின் மலிவான முகப்பூச்சையும் பிளந்த வாயையும் வர்ணிப்பதில் அந்தக் கட்டுரைக்கு இருந்த சுறுசுறுப்பு பாட்டை ஆராய்வதில் இல்லை. பிறகு அதே பீட்டில்ஸ் தாடிவைத்த ஆண்களின் ஆராய்ச்சிப் பொருளானபோது, கூச்சலிட்ட பெண்களை எல்லோரும் சௌகரியமாக மறந்துபோனார்கள். பெண்கள் கேட்டால் பைத்தியம், ஆண்கள் கேட்டால் ரசனை. இதற்குப் பெயர் இசை விமர்சனமாம். கூட்டத்தில் பெண்கள்தானே அதிகம் என்று கேட்கலாம். இருக்கட்டும். என்சிங்கின் ‘நோ ஸ்ட்ரிங்ஸ் அட்டாச்ட்’ 2000ஆம் ஆண்டு அமெரிக்காவில் முதல் வாரத்திலேயே 24 லட்சம் பிரதிகள் விற்றது. 2015இல் அடெல் வரும்வரை அந்தச் சாதனையை யாரும் தொடவில்லை. அத்தனையும் பதின்மூன்று வயதுப் பிள்ளைகள் பாக்கெட் மணியில் வாங்கித் தீர்த்தவை என்று நம்புகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை.

இது வெறும் பழைய நினைவு, பாட்டில் ஒன்றுமில்லை என்று தோளைத் தட்டிச் சமாதானம் சொல்பவர்கள்தான் என்னை அதிகம் எரிச்சலூட்டுகிறார்கள். அறுபது வயதில் ரோலிங் ஸ்டோன்ஸ் கச்சேரிக்குப் போகிறவரிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. ‘ஐ வாண்ட் இட் தட் வே’ பாட்டில் ஒற்றைக் கிடாரில் தொடங்கி, ஒவ்வொரு குரலாக இறக்கி, முடிவு நெருங்கும்போது சுருதியை மேலே தூக்கி ஐந்து குரலையும் அடுக்கியிருக்கும் வேலையைப் பழைய நினைவு செய்துவிடாது. அதைச் செய்த கை இன்னும் ஓயவில்லை. 2019இல் வந்து ஜிம், கார், கல்யாண மண்டபம் என்று எங்கும் ஒலித்த தி வீக்எண்டின் ‘பிளைண்டிங் லைட்ஸ்’ பாட்டை எழுதியவர்களில் அதே மேக்ஸ் மார்ட்டினும் ஒருவர். அதைக் கேட்பதற்காக எந்த ஆணும் அசடு வழிந்ததாகத் தெரியவில்லை.