பெயர் பதிந்தால் போதுமா?

பாடசாலை தேசத்தின் சிறிய உருவம். இந்நாட்டில் யாருக்கு இடமுண்டு, யாருக்கு இடமில்லை என்பதை அறிய விரும்புவோர் சட்டசபைக்குப் போக வேண்டுவதில்லை. பக்கத்திலுள்ள ஆரம்பப் பாடசாலைக்குச் சென்று பின் வரிசையைப் பார்த்தாலே போதும். அங்கே ஒரு குழந்தைக்குக் கரும்பலகை புகை மூட்டமாகத் தோன்றும். மற்றொரு குழந்தைக்கு, உபாத்தியாயர் பலகையை நோக்கித் திரும்பிய கணத்திலேயே பாடம் நின்றுவிடும். அவர் உதட்டைப் பார்த்தே அது சொல்லை அறிகிறது. மூன்றாவது குழந்தை கேட்ட கதையைப் பிழையின்றித் திருப்பிச் சொல்லும். அதே கதையை அச்சில் நீட்டினாலோ வாயை மூடிக் கொள்ளும். இம்மூவரின் குறைகளும் வெவ்வேறு. வேண்டும் பரிகாரங்களும் வெவ்வேறு. ஆனால் மூவரையும் ஒரே சொல்லில் அடக்கிப் பொறுப்பைக் கழித்துவிடும் வழக்கம் நம்மிடையே நெடுநாளாக உண்டு. அச்சொல் "மக்கு" என்பது.

அந்தச் சொல் குழந்தையின் தன்மையைக் கூறவில்லை. நம்முடைய சோம்பலையே கூறுகிறது. கண்ணைப் பரிசோதிக்காதவர், காதைப் பரிசோதிக்காதவர், ஏன் படிக்க முடியவில்லை என்று ஒரு நாளும் கேட்காதவர், தீர்ப்பு மட்டும் எழுதிவிடுகிறார். ஆறு வயதில் எழுதப்பட்ட அத்தீர்ப்பு அறுபது வயது வரை தொடர்கிறது.

சட்டம் இல்லாமையால் நேர்ந்த குறையன்று இது. 2002-ஆம் ஆண்டில் அரசியல் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 21-ஏ பிரிவு, ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வியை அடிப்படை உரிமையாக்கிற்று. அதை நிறைவேற்றும் சட்டம் 2009-இல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் தேதி அமலுக்கு வந்தது. 1995-ஆம் வருஷத்துச் சட்டம் ஏழு வகைக் குறைகளை மட்டுமே அறிந்திருந்தது. 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டமோ இருபத்தொரு வகைகளைக் கண்டு, எழுத்தறிவதில் நேரும் கற்றல் குறைபாட்டையும் அவற்றுள் சேர்த்தது. பாடசாலைக் குழந்தைகளை ஐந்தாண்டுக்கு ஒரு முறை கணக்கெடுத்து, எவருக்கு என்ன தேவை என்று கண்டறிய வேண்டும் என்றும் அது விதிக்கிறது. ஏட்டைப் பார்த்தால் நாம் பெருமைப்படலாம். வகுப்பறையைப் பார்த்தால் தலை குனிய நேர்கிறது. சட்டத்துக்கும் வகுப்பறைக்கும் இடையே இருக்கவேண்டியவர் ஓர் உபாத்தியாயர். அவர்தாம் இல்லை.

ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்வோம். அறுபது குழந்தைகள் வரையுள்ள ஆரம்பப் பாடசாலைக்கு இரண்டு உபாத்தியாயர்கள் போதுமென்பது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. வகுப்புகளோ ஐந்து. ஒருவர் இரண்டு வகுப்புகளையும் மற்றவர் மூன்று வகுப்புகளையும் ஒரே அறையில் வைத்துக் கொண்டு, பாடமும் நடத்தி, பதிவேடுகளையும் நிரப்புகிறார். இவர்களில் ஒருவர் விடுப்பெடுத்தால் ஐந்து வகுப்புகளும் ஒருவர் தலையில் விழும். இத்தகைய நிலையில், பேச்சு வராத குழந்தை ஒன்றுக்கும் கை நடுங்கும் குழந்தை ஒன்றுக்கும் தனித்தனியே பாடத்தை மாற்றிச் சொல்லிக் கொடுக்கவில்லையே என்று அவ்வுபாத்தியாயரை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. அவருக்கு அந்த வித்தையைக் கற்றுக் கொடுத்தவர் யார்? துணைக்கு ஆள் கொடுத்தவர் யார்?

தமிழ் நாட்டில் ஓர் ஏற்பாடு உண்டு. வட்டார வள மையங்களைச் சேர்ந்த சிறப்புப் பயிற்றுநர்கள் பல பாடசாலைகளுக்கும் முறை வைத்துச் செல்கிறார்கள். வர இயலாத குழந்தைகளின் வீடுகளுக்கும் செல்கிறார்கள். அவர்களுடைய தொண்டை நாம் குறைத்துக் கூற மாட்டோம். ஆனால் அவர்கள் நெடுங்காலமாகத் தொகுப்பூதியத்தில், ஒப்பந்த ஊழியர்களாகவே வைக்கப்பட்டிருக்கிறார்கள். தமக்கே அடுத்த ஆண்டு நிச்சயமில்லாதவரிடம் ஒரு குழந்தையின் பத்தாண்டு வளர்ச்சியை ஒப்படைப்பது எவ்வாறு பொருந்தும்? இன்று வந்தவர் மறுபடி வருவதற்குள், குழந்தை கற்றது மறந்து போகிறது. கல்வி என்பது தினந்தோறும் ஊற்ற வேண்டிய நீர். திருவிழாவுக்குத் திருவிழா ஊற்றினால் செடி பிழைக்காது.

இவ்விஷயம் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. 2021 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பிற்கிணங்க, ஆரம்ப வகுப்புகளில் இத்தகைய குழந்தைகள் பத்துப் பேருக்கு ஒருவர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்னும் விகிதம் 2022-இல் மத்திய சர்க்காரால் அறிவிக்கப்பட்டது. அதன் பின்பும் மாகாணங்கள் அசையவில்லை. ஆகவே நிரந்தரப் பதவிகளை உருவாக்கி அறிவிக்குமாறு 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடியும் கட்டளையிட நேர்ந்தது. ஒரு குழந்தைக்கு எழுத்தறிவிக்க இருமுறை உச்ச நீதிமன்றத்தின் கதவைத் தட்ட வேண்டிய நாடு, தன்னைத் தானே சில கேள்விகள் கேட்டுக் கொள்ள வேண்டும்.

இனி, இதற்கு எதிராகக் கூறப்படும் ஆட்சேபங்களை ஆராய்வோம்.

பணமில்லை என்பது முதல் ஆட்சேபம். இது புதிதன்று. 1911-இல் கோபால கிருஷ்ண கோகலே கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொண்டு வந்தபோதும், பணமில்லை, காலம் கனியவில்லை, ஜனங்கள் கேட்கவில்லை என்றே சொன்னார்கள். 1912-இல் 38 வாக்குகள் எதிராகவும் 13 வாக்குகள் ஆதரவாகவும் விழ, மசோதா மாண்டது. அன்று அந்நிய சர்க்கார் சொன்ன காரணத்தை இன்று நம்முடைய சர்க்காரே சொல்லலாமா? சமக்ர சிக்ஷா திட்டத்தில் சிறப்புத் தேவையுள்ள குழந்தை ஒன்றுக்கென வருஷத்துக்கு 3,500 ரூபாய் வரை வகுக்கப்பட்டது. விசேஷ உபாத்தியாயர் சம்பளத்துக்குத் தனியே உதவி உண்டென்பது மெய்யே. ஆயினும் கண்ணாடி, காது கேட்கும் கருவி, சக்கர நாற்காலி, துணைக்கு வருபவர் செலவு முதலிய யாவற்றையும் எண்ணிப் பார்த்தால், நாளொன்றுக்குப் பத்து ரூபாயும் ஆகாத இத்தொகை எந்த மூலைக்குப் போதும்? இல்லாதது பணமன்று, இக்குழந்தைகள் நம்முடையவர்கள் என்னும் எண்ணமே இல்லாதது.

இரண்டாவது ஆட்சேபம், மற்றக் குழந்தைகளின் படிப்புக் கெடும் என்பது. அனுபவம் இதற்கு மாறாகப் பேசுகிறது. பார்வை குறைந்த குழந்தைக்காகப் பலகையில் பெரிதாக எழுதினால், பின் வரிசையிலுள்ள அத்தனை பேரும் பயனடைவர். காது மந்தமான குழந்தைக்காக முகம் காட்டித் தெளிவாகப் பேசினால், வகுப்பு முழுவதும் தெளிவாகக் கேட்கும். தமிழில் "கெ" என்று எழுதும்போது கொம்பை முன்னே போடுகிறோம்; ஒலியோ பின்னே வருகிறது. லகர ளகர ழகரங்களிலும், னகர ணகரங்களிலும் தடுமாறாத குழந்தை ஏது? கற்றல் குறைபாடுள்ள குழந்தைக்காக இவற்றை மெல்லப் பிரித்து, மணலில் விரலால் எழுத வைத்து, வாயால் சொல்ல வைத்துக் கற்பித்தால், ஏனைய குழந்தைகளின் எழுத்தும் உறுதிப்படும். 2022-இல் தமிழ் நாட்டில் தொடங்கிய "எண்ணும் எழுத்தும்" திட்டம், குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றவளவுக்கு ஏற்பப் பிரித்துக் கற்பிக்கிறது. குழந்தைக்குத் தக்கபடி பாடம் என்னும் கொள்கையை நாமே ஒப்புக் கொண்டுவிட்டோம். அரும்பும் ஆகாத குழந்தைக்கும் அதை விரிவாக்குவதில் என்ன தடை?

மூன்றாவது ஆட்சேபம், இவர்களுக்குத் தனிப் பாடசாலைகளே தகும் என்பது. இதில் ஓரளவு உண்மை உண்டு. அதை மறைக்க நாம் விரும்பவில்லை. பாளையங்கோட்டையில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆஸ்க்வித் அம்மையார் கண் பார்வையற்றவர்களுக்கும், ஸ்வெயின்சன் அம்மையார் காது கேளாதவர்களுக்கும் தொடங்கிய பாடசாலைகள் எத்தனையோ வாழ்க்கைகளுக்கு விளக்கேற்றியிருக்கின்றன. சைகை மொழியிலேயே சிந்திக்கும் குழந்தைக்கு, அம்மொழி பேசும் தோழர்களும் உபாத்தியாயர்களும் இன்றியமையாதவர்கள். அப்பாடசாலைகளை மூட வேண்டுமென்று நாம் கூறவில்லை. ஆனால் அவை நகரங்களில் இருக்கின்றன. குழந்தைகளோ கிராமங்களில் இருக்கிறார்கள். கூலி வேலை செய்யும் தாய் ஆறு வயதுப் பிள்ளையை ஐம்பது மைலுக்கு அப்பால் விட்டுவிட்டு வர வேண்டும். அல்லது வீட்டிலேயே பூட்டிவிட்டு வேலைக்குப் போக வேண்டும். பெண் குழந்தையாயிருந்தால் பூட்டுவதே நடக்கிறது. தனிப் பாடசாலை பெற்றோர் தேர்ந்து கொள்ளும் வழியாக இருக்கலாம். ஊர்ப் பாடசாலை தட்டிக் கழிக்கும் சாக்காக அது ஆகக் கூடாது. தருமம் உயர்ந்ததே, ஆயினும் உரிமையுள்ளவன் தருமத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

செய்ய வேண்டியவை யாவை? ஒன்றாம் வகுப்பில் சேரும் ஒவ்வொரு குழந்தையின் கண்ணும் காதும் அவ்வாண்டிலேயே பரிசோதிக்கப்பட வேண்டும். முடிவைப் பெற்றோருக்கு எழுத்தில் தர வேண்டும். இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் எழுத்துக் கூட்டாத குழந்தை எதுவாயினும் அதன் காரணம் ஆராயப்பட வேண்டும். தேர்வு எழுதத் துணையாள், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் பத்தாம் வகுப்பில் கிடைக்கின்றன. ஆனால் சான்றிதழுக்கு அலையும் அவ்வருஷத்தில்தான் பல பெற்றோர் தம் பிள்ளையின் குறையை முதன் முறையாகக் கேள்விப்படுகிறார்கள். ஒன்பது வருஷம் அடியும் வசையும் வாங்கிய பிறகு கிடைக்கும் ஒரு மணி நேரம் யாருக்கு ஆறுதல்? விகிதப்படி நிரந்தரப் பதவிகளை உண்டாக்கி, இப்பொழுது ஒப்பந்தத்தில் உழைப்போரில் தகுதியுள்ளோரை அவற்றில் அமர்த்த வேண்டும். உபாத்தியாயர் பயிற்சியில் இதை ஒரு மூலைப் பாடமாக வைக்காமல், நேரில் குழந்தைகளுடன் பழகிக் கற்கும் பாடமாக்க வேண்டும். சாய்தளம் கட்டிப் படம் எடுத்துக் கொண்டால் போதாது. சக்கர நாற்காலி கழிப்பறைக்குள்ளும் நுழைய வேண்டும். கழிப்பறைக்குப் போக முடியாத குழந்தை நாள் முழுவதும் நீர் அருந்தாமல் இருக்கிறது என்பதை அதிகாரிகள் அறிவார்களா?

கடைசியாக, தேச ஊழியர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்காரைக் கண்டிப்பதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பாடசாலை மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டுமென்பது சட்டம். அக்குழுவில் சிறப்புத் தேவையுள்ள குழந்தையின் தாயோ தந்தையோ ஒருவராவது இருக்கிறாரா என்று உங்கள் ஊரில் விசாரியுங்கள். இல்லையேல் அழைத்துச் சென்று அமர்த்துங்கள். கிராம சபை ஆகஸ்டு 15-ஆம் தேதியும் காந்தியடிகள் பிறந்த அக்டோபர் 2-ஆம் தேதியும் கூடுகிறது. கொடியேற்றி மிட்டாய் வழங்கியதும் கலைந்து விடாதீர்கள். எழுந்து நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள்: நம் ஊரில் இத்தகைய குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் பாடசாலைக்கு உண்மையில் வருவோர் எத்தனை பேர்? அவர்களுக்குக் கற்பிக்க ஆள் எந்தெந்த நாட்களில் வருகிறார்? விடைகளைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். விடை தெரியாதென்றால், தெரியாதென்றே எழுத வையுங்கள். எழுதப்பட்ட அறியாமைக்கு அடுத்த கூட்டத்தில் பதில் சொல்லியே தீர வேண்டும்.

பதிவேட்டில் பெயர் இருப்பதால் ஒரு குழந்தை படித்ததாகி விடாது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பதால் ஒரு நாடு சுதந்திரம் பெற்றதாகியும் விடாது. சுயராஜ்யம் வேண்டுமென்று கேட்டவர்கள் முன் வரிசைக்காக மட்டும் கேட்கவில்லை. பின் வரிசையிலுள்ள அக்குழந்தை தன் பெயரைத் தானே எழுதும் நாளில்தான், அவர்கள் கேட்டது அந்த ஊருக்கு வந்து சேர்ந்ததென்று நாம் ஒப்புக் கொள்வோம்.